கரும்பு நுழைகிற கார்

சிங்கப்பூரில் கார் வைத்திருக்க சிஓஇ என்கிற பத்து வருட உரிமைச் சான்றிதழ் வேண்டும். எங்கள் செடானின் சிஓஇ மார்ச் மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கலாமே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பத்து வருடம் முடிந்த காரைப் புதுப்பித்தால் பார்ஃப் பணம், அதாவது பதிவை ரத்து செய்யும்போது அரசு திருப்பித் தரும் தொகை, போய்விடும். ஐந்து வருடத்துக்கு மட்டும் புதுப்பித்தால் அதன் பிறகு மறுபடி புதுப்பிக்கவும் முடியாது. சாலை வரியும் ஆண்டுக்கு 10 விழுக்காடு கூடிக்கொண்டே போய் 50 விழுக்காட்டில்தான் நிற்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்தேன். புதுக் கார் என்ற பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவு சிஓஇ மட்டுமே 106,000 வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, போனதைப் பார்த்த குடும்பம் இது.

ஏன் ஸ்டேஷன் வேகன்? இரண்டு பிள்ளைகள், ஒரு தள்ளுவண்டி, பிள்ளைகளின் சைக்கிள், மாதம் ஒரு முறை தேக்கா சந்தையில் அம்மா வாங்கும் அரிசி மூட்டை. படத்தைப் பார்த்ததும் அம்மா, “என்னடா இது, சவ வண்டி மாதிரி நீளமா இருக்கு” என்றார். அதோடு சகுனம் கெட்டது என்றுதான் நினைத்தேன். பின்கதவைத் திறந்து வைத்த இன்னொரு படத்தைக் காட்டியதும் குரல் மாறிவிட்டது. “கரும்பு முழுசா போகுமா?”

பொங்கலுக்கு நான்கு நாள் இருந்தது. சனிக்கிழமை காலை லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் கரும்பு வாங்கிவிட்டு, அப்படியே உபி வட்டாரத்தில் இருக்கும் பழைய கார்க் கடையில் காரைப் பார்த்துவிடலாம் என்பது திட்டம். செடானில் கரும்பு ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடி டேஷ்போர்டில் முட்டும், நுனி பின்கண்ணாடியைத் தடவும். நடுவில் என் இடது காதுக்குள் தோகை. தீவு விரைவுச்சாலையில் தடம் மாறும்போதெல்லாம் நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். கூச்சம்தான், வேறு காரணம் இல்லை.

கடைக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என்னை ‘பாஸ்’ என்றான், அம்மாவை ‘ஆன்ட்டி’ என்றான். வெள்ளி நிறக் கார், பளபளவென்று நின்றது. விலை 58,800 வெள்ளி. இன்னும் 3 வருடம் 8 மாதம் ஓட்டலாம். நான் முதல் நாள் இரவே கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் காருக்குப் பதிவின்போது கட்டிய ஏஆர்எஃப் கட்டணம் 18,000. பத்து வருடம் முடியும் தறுவாயில் பதிவை ரத்து செய்தால் அதில் பாதி, 9,000 பார்ஃப் பணமாகத் திரும்ப வரும். விலையில் அதைக் கழித்து, மீதியை இருக்கிற காலத்தால் வகுத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 13,600. இங்கே பழைய கார் வாங்குகிறவன் முதலில் இந்த ‘டெப்ரே’யை, அதாவது வருடாந்தர மதிப்புத் தேய்மானத்தைத்தான் பார்ப்பான். விலையை மட்டும் பார்த்து மயங்கினால் தொலைந்தோம்.

அடுத்தது என் நிபுணத்துவம். பானெட்டில் கை வைத்தேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கிவிட்டார்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதுதான் இருமல், புகை, கடகட சத்தமெல்லாம் வெளியே வரும். சூடாகிவிட்டால் எந்த எஞ்சினும் நல்ல பிள்ளை. “காலையில் எஞ்சின் சூடாகறதுக்கு முன்னாடி வந்து கேட்கணும்” என்றேன். “கேன், கேன்” என்று தலையாட்டினான். டயர் எல்லாம் புதுசு என்றான். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைக் குனிந்து படித்தேன், 3521. அதாவது 2021-இன் 35-ஆம் வாரம் செய்த டயர். அவனுக்கு அது புதுசு போல. ஏர்கானைப் போட்டுவிட்டு, கார் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். ஓடும்போது எல்லா ஏர்கானும் குளிரும், சிக்னலில் நிற்கும்போது குளிர்வதுதான் இந்த ஊரில் ஏர்கான். அதில் மட்டும் குறை சொல்ல முடியவில்லை.

என் மனைவி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த, சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் காந்தத்தைக் கொண்டுவந்திருந்தார். அடிபட்ட இடத்தைப் பசை வைத்துப் பூசி வர்ணம் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாது என்று எங்கோ கேட்டாராம். கைக்குட்டையில் சுற்றி ஒவ்வோர் இடமாக வைத்துக்கொண்டே வந்தார். கதவில் ஒட்டியது. பின் பம்பரில் மெர்லயன் தொப்பென்று கீழே விழுந்தது. “என்னங்க! அடிபட்ட காருங்க இது!” தம்பி சிரித்துவிட்டான். இந்தக் காலத்துக் கார்களில் பம்பர் பிளாஸ்டிக்தானே. எனக்கும் அந்த நொடியில் ஞாபகம் வரவில்லை என்பதை மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அப்புறம் அம்மாவின் முறை. கரும்பை எடுத்துவரச் சொன்னார். பின் இருக்கைகளைச் சாய்த்து, மூன்று கரும்பையும் அடிப்பக்கம் உள்ளே போகும்படி நுழைத்தோம். வழுக்கிக்கொண்டு போய் முன் இருக்கைக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றது. பின்கதவும் சிக்காமல் மூடியது. அம்மா முகத்தில் அப்படி ஒரு நிறைவு. விற்பனை முடிந்தது என்று தம்பி பேனாவையே எடுத்துவிட்டான்.

கரும்பை வெளியே இழுத்தபோதுதான் அடியில் ஒட்டியிருந்த மண் காரின் பின்பக்கத் தரைப் பாயில் கொட்டியது. அடுத்தவர் பொருளில் மண் கொட்டிவிட்டுப் போகிற பழக்கம் அம்மாவுக்கு இல்லை. பாயை எடுத்து உதறப் போனார். வரவில்லை. “ஆன்ட்டி, நெவர் மைண்ட், ஒட்டியிருக்கு” என்று தம்பி அவசரமாகக் கிட்டே வந்தான். அம்மா என் கையிலிருந்த வீட்டுச் சாவியைப் பிடுங்கி ஓரத்தில் கொடுத்து நெம்பினார். பாயும் அடியிலிருந்த பலகையும் சேர்ந்து எழும்பின. மழைக்காலத்தில் மூடிவைத்த டிரங்குப் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாடை.

“சினி அடா பாவு,” என்றார் அம்மா, தம்பியைப் பார்த்து. இங்கே நாற்றம் அடிக்குதே. தேக்காவில் நாற்பது வருடமாகப் பேசும் பாசார் மலாய், அதாவது சந்தை மலாய்.

ஸ்பேர் டயரைத் தூக்கினோம். அடியில் அரை டம்ளர் தண்ணீர், சுற்றிலும் துரு. வலது பக்கத் தகட்டில் வெல்டிங் புள்ளிகள் கோலப்புள்ளி மாதிரி ஒரே இடைவெளியில் இருந்தன. இடது பக்கத்தில் புள்ளியே இல்லை. பிரஷ்ஷால் இழுத்துப் பூசிய சாம்பல் நிறப் பசை, அதற்குக் கீழே பொரித்த அப்பளம் மாதிரி தகடு சுருங்கியிருந்தது. பின்னாலிருந்து யாரோ பலமாக இடித்திருக்கிறார்கள். மூலையை ஒட்டவைத்த லட்சணத்தில் மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. மற்ற கார்களில் இது வெளியே தெரிய நாளாகும். ஸ்டேஷன் வேகனில் பின்பக்கம்தானே காரின் பாதி.

“ஸ்மால் ஒன், பாஸ். ரெயின் வாட்டர் ஒன்லி,” என்றான். அரை மணி நேரத்துக்கு முன்பு ‘நோ ஆக்சிடென்ட்’ என்று சத்தியம் செய்த அதே வாய்.

இரண்டாயிரம் குறைக்கிறேன் என்றான், மூன்றாயிரம் என்றான். எனக்கு ஒரு நிமிடம் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன். 55,800-க்கு டெப்ரே என்ன வரும் என்று மனம் தானாக வகுக்க ஆரம்பித்தது. அம்மா ஒரு கரும்பின் நுனியைக் காலில் வைத்து ஒடித்து அவன் கையில் கொடுத்தார். “அம்பில் லா. கெரெத்தா தா மாவு.” எடுத்துக்கொள்ளப்பா, கார் வேண்டாம். அவன் கரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். நாங்கள் பழைய செடானில் ஏறினோம். தோகை பழையபடி காதுக்குள்.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு கார், நீல நிறம். இந்த முறை நூற்றுச் சொச்சம் வெள்ளி போனால் போகட்டும், பரிசோதனை நிலையத்தில் காட்டிவிட்டுத்தான் முன்பணம் என்று கறாராகச் சொல்லியிருந்தேன். கிளம்பும்போது அம்மாவின் கைப்பை வழக்கத்துக்கு மாறாக நீட்டிக்கொண்டிருந்தது. கரும்புதான் தீர்ந்துவிட்டதே என்று எட்டிப் பார்த்தேன். செய்தித்தாளில் சுற்றிய தோசைத் திருப்பி.

“எதுக்கும்மா இது?”

“பாய நெம்பத்தான். சாவி வளைஞ்சுபோச்சுல்ல.”