பே கட்டளையில் ஓர் எண்

ஒரு மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வருக்குப் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதை ரிவ்யூ செய்வதும் என் வேலை. யாருடைய கோடு வந்தாலும் கட்டளையின் ஆர்க்யுமென்ட்களை, அதாவது கட்டளைக்குப் பின்னால் தட்டும் பெயர், தொகை போன்றவற்றைப், படிக்கும் இடத்தைத்தான் முதலில் திறப்பேன். ஆட்டக்காரரின் கை நேரடியாகப் படுகிற இடம் அது.

பிளகின் எழுத உதவும் பக்கிட்டின் பழைய முறையில் தட்டியதெல்லாம் வெறும் ஸ்ட்ரிங்காகவே, அதாவது எழுத்துச் சரமாகவே, வந்து சேரும். எண் கேட்ட இடத்தில் யாராவது 'பத்து' என்று எழுதினால் எழுத்தை முழு எண்ணாக்கும் ஜாவாவின் பார்ஸ்இன்ட், எக்ஸப்ஷன் (பிழை அறிவிப்பு) வீசும். அதைப் பிடிக்காமல் விட்டால், ஏதோ உள்பிழை என்று ஒரு சிவப்பு வரி வரும், அவ்வளவுதான். எதைத் திருத்த வேண்டும் என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?

இதைவிட மோசம், பிழைச் செய்தியே வராத தப்புகள். பணம் அனுப்பும் பே கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். தொகையை -500 என்று தட்டினால் எதிராளியின் பணம் இவருக்கு வந்துவிடும். அதைத் தடுக்க, 'பூஜ்ஜியமோ அதற்குக் கீழோ என்றால் நிறுத்து' என்று ஒரு வரி எழுதுவார்கள். சரி. ஆனால் எழுத்தைத் தசம எண்ணாக்கும் பார்ஸ்டபுள், எண்ணே அல்ல என்பதைக் குறிக்கும் 'நேன்' என்பதையும் வாங்கிக்கொள்ளும். நேன் பூஜ்ஜியத்துக்குக் கீழா? இல்லை. கையிருப்பைவிட அதிகமா? அதுவும் இல்லை. இரண்டு சோதனையையும் தாண்டிப் போய், கூட்டிக் கழித்ததும் இரண்டு பேர் இருப்பும் நேன் ஆகிவிடும். ஆம்/இல்லை மதிப்பைப் படிக்கும் பார்ஸ்பூலியனும் இதே ரகம்தான்: 'ட்ரூ' தவிர எதைக் கொடுத்தாலும், 'யெஸ்' உட்பட, சத்தமில்லாமல் ஃபால்ஸ்.

2018இல் 1.13 பதிப்போடு மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங் கொண்டுவந்த, கட்டளைகளைப் படிக்கும் நிரலான பிரிகேடியர் எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். ஆர்க்யுமென்ட்டை அறிவிக்கும்போதே டைப்பையும் (எண்ணா, எழுத்தா என்ற வகை), குறைந்தபட்சம் 0.01 என்பது போன்ற எல்லையையும் சொல்லிவிடலாம். எண்ணாக அது படிப்பது இலக்கம், புள்ளி, மைனஸ் மட்டுமே. நேன் உள்ளே வர வழியில்லை. இப்படி அறிவித்த கட்டளைகளின் அமைப்பான கட்டளை மரம் ஆட்டக்காரரின் கணினிக்கும் போய்விடுவதால், என்டர் தட்டுமுன்பே தப்பான இடம் சிவப்பாகிவிடும். கையிருப்பு போதுமா என்பதை மட்டும் நாம் பார்த்தால் போதும்.

அப்புறம், தமிழில் தட்டுபவர்களை நினைத்து நான் விடாப்பிடியாகச் சொல்வது ஒன்று உண்டு. பிரிகேடியரின் வேர்ட் டைப் ஆங்கில எழுத்து, இலக்கம், சில குறிகளை மட்டுமே ஏற்கும். ஓர் இடத்துக்கு 'வீடு' என்று பெயர் வைக்க முடியாது. ஸ்ட்ரிங் டைப் என்றால் மேற்கோளுக்குள் எழுதலாம். கிரீடி ஸ்ட்ரிங்குக்கு மேற்கோளும் வேண்டாம். ஆனால் மிச்ச வரி முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். பெயர் வாங்கும் கட்டளையில் வேர்ட் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்: பெயர் கடைசியில் வந்தால் கிரீடி, நடுவில் வந்தால் ஸ்ட்ரிங்.