ஃபாலோ-அப் படும் பாடு

தங்கச்சி நியோனேட்டாலஜி, அதாவது பச்சக் கொழந்தைங்க மருத்துவம் படிக்கிறா, பகல் முழுக்க என்ஐசியு (பச்சக் கொழந்தைங்க ஐசியு), ராத்திரி சாப்ட்டப்புறம் தான் ரிசர்ச்னு லேப்டாப்ப தொறக்குறா, அதுக்குன்னு தனி டைமும் கெடையாது காசும் கெடையாது. பெரிய ரோதனை ஃபாலோ-அப் தான். குறைமாசக் கொழந்தைங்க ஒன்றரை வயசுல எப்படி நடக்குது, பேசுதுன்னு பாக்கணும், போன் போட்டா சுவிட்ச் ஆஃப், அப்பறம் என் வண்டில காசிமேடு சந்து சந்தா சுத்தணும். ஒரு ஆயா, “புள்ள நல்லா தானேம்மா கீது, இன்னும் இன்னாத்துக்கு டெஸ்ட்டு”ன்னு கேட்டுச்சு. நியாயமான கேள்வி தான்!

குறைமாசப் பிரசவத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டா கொழந்தைக்கு மூச்சுத்திணறல் கொறையும்னு 1972ல நியூசிலாந்துல லிக்கின்ஸ், ஹோவின்னு ரெண்டு டாக்டருங்க காட்டுனாங்க, அந்தக் கொழந்தைங்கள்ல பல பேர 30 வயசுல தேடிப் புடிச்சு செக் பண்ணிருக்காங்க. எங்களுக்கு ஒன்றரை வயசுக்கே நாக்கு தள்ளுது, பெட்ரோலுக்காவது யாராச்சும் கிராண்ட் குடுங்கப்பா.