கறுப்புத் தாளில் வெண்கட்டி

அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங்கின் ஆரம்பகால வேலைகளை, 1978லிருந்து 1982 வரை வரைஞ்சதை, 2012இல் புரூக்ளின் அருங்காட்சியகம் காட்சிக்கு வச்சிருந்தது. அந்தப் படங்களைத்தான் இன்னிக்கு மலேசியாவுல, சுங்கை சிப்புட் கடையில பசியாறிக்கிட்டே கைப்பேசியில பார்த்தேன்.

அப்போ நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்துல காலாவதியான விளம்பரத்தைக் கறுப்புத் தாள் ஒட்டி மறைப்பாங்க. மனுஷன் அதுல வெண்கட்டியால கிடுகிடுன்னு வரைவாரு. போலீஸ்கிட்ட பலமுறை மாட்டியும் இருக்காரு. அழிச்சுத் திருத்த நேரமேது? அந்த அவசரம்தான் கோட்டுக்கே உயிர். அப்புறம் ஜனங்க தாளைக் கிழிச்சு விற்க ஆரம்பிச்சதும், 1985வாக்குல நிறுத்திட்டாரு. (நம்மூரா இருந்தா பலகையும் சேர்ந்து போயிருக்கும்!)

அந்தப் படங்களைச் சட்டகத்துல போட்டு சுவர்ல மாட்டினா எனக்கென்னவோ பாதி ஓவியம்தான் தெரியுது. இருந்தாலும் தைப்பிங் பேராக் அருங்காட்சியகத்துக்கு இப்படி ஒரு கண்காட்சி வந்தா நான் முதல் ஆளு. யாரெல்லாம் வர்றீங்க?