மருமகள் சடங்கு: கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே

கோவில்பட்டியில் பிறந்த என் தங்கை, தூத்துக்குடியில் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கராக இருந்துவரும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டில் ஆடி, மார்கழி என்று மாதம் பார்ப்போம். அவள் புகுந்த வீட்டிலோ பனிமய மாதா கோவிலில் ஜூலை 26 அன்று கொடியேறுவதையும் ஆகஸ்ட் 5 அன்று திருவிழா நடப்பதையும் வைத்தே ஆண்டை அளப்பார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் பிறந்த என் மருமகள் 2025 மாசிக் கடைசியில் பெரிய மனுஷியானபோது, சடங்கை எப்போது, எப்படி, யாரை வைத்து நடத்துவது என்று பேசி முடிக்கும் பொறுப்பு தாய்மாமன் என்ற முறையில் என் தலைமேல் வந்து விழுந்தது.

நாள் குறிப்பதிலேயே முதல் சிக்கல் தொடங்கியது. அவ்வாண்டு திருநீற்றுப் புதன் மார்ச் 5-ஆம் தேதியே வந்துவிட்டதால், செய்தி தெரிந்தபோது அவர்கள் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்துக்குள் இருந்தார்கள். "தவசு காலத்துல மேளம் கொட்டி விசேஷம் வைக்கிறது எங்க பழக்கம் இல்ல தம்பி" என்று தங்கையின் மாமியார் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அதில் மறுபேச்சுக்கு இடம் இருக்கவில்லை. ஈஸ்டர் ஏப்ரல் 20. அதற்கு அடுத்த ஞாயிறு அமாவாசை என்று என் அம்மா காலண்டர் தாளைக் கிழிக்காமலே தூக்கிப் பார்த்துத் தள்ளிவிட்டார். மிஞ்சியது மே 4. அன்று அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது என்றாலும் இச்சடங்குக்கு அது தடையில்லை என்று எங்கள் ஜோசியர் சொல்லிவிட்டார். மே மாதம் மாதாவுக்கு உரிய வணக்க மாதம் என்பதால், நான் அத்தை என்று அழைக்கும் தங்கையின் மாமியாருக்கும் அதில் தனி மகிழ்ச்சி. ஞாயிறு காலைப் பூசைக்கு எல்லாரும் போய்வர வேண்டும், பகல் 12 மணிக்கு எமகண்டம் பிறக்கும், மாலை 4.30-க்கு இராகு காலம், ஆகவே 10.30-இலிருந்து 12-க்குள் மாமன் சீர் முடிய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இரு வீட்டுக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன்.

பேசத் தொடங்கிய பிறகுதான் ஒன்று புலப்பட்டது. ஐயர் வந்து தீட்டுக் கழிக்கச் செய்யும் புண்ணியதானத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால், இச்சடங்கில் சாமிக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு. முதல் தண்ணீரை யார் ஊற்றுவது, பெண்ணுக்கான ஓலைக் குடிலாகிய குச்சைக் கட்டுவது யார், தட்டு எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், யார் கையால் மாலை விழ வேண்டும் என்பவைதாம் அதன் உயிர். இவை எல்லாமே உறவுமுறை சார்ந்த உரிமைகள். அந்த முறைகள் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் ஒன்றே. அத்தை, மாமன், மாமி, மதினி ஆகியோர் எந்தக் கோவிலுக்குப் போனாலும் அத்தை, மாமன், மாமி, மதினிதான். ஆகவே "இந்து முறையா, கிறிஸ்தவ முறையா" என்று கேட்பதை விட்டுவிட்டு, யாருக்கு என்ன உரிமை என்று கேட்டுக்கொண்டு போனதில் பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிட்டது. ஐயர் வேண்டும் என்று முதலில் பிடிவாதமாக இருந்த என் அம்மாவிடம், அவருடைய சடங்குக்கு ஐயர் வந்தாரா என்று கேட்டேன். வரவில்லை, ஊர் வண்ணாத்தி மாத்துத் துணி கொண்டுவந்ததும், பெண்கள் கூடிக் குலவையிட்டதும்தான் அவருக்கு நினைவிருந்தது. அதோடு ஐயர் பேச்சு அடங்கியது.

இப்படிச் சொல்வதால் மதத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. மதுரை மிஷன் என்ற மறைப்பணியில் இருந்த இயேசு சபைத் துறவிகள் உள்ளூர் வழக்கங்களுக்கு இடம் கொடுத்தது பற்றி எழுந்த பெரும் சர்ச்சையில், திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். தாலியில் பிள்ளையார் உருவம் இருக்கக்கூடாது என்பதைப் போலவே, பெண் பூப்பெய்தியதை விழாவாகக் கொண்டாடக்கூடாது என்பதும் அந்த ஆணையில் இருந்தது. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அதே நிலைப்பாட்டை உறுதிப்படுத்தினார். அவ்வளவுக்குப் பிறகும், அத்தையின் மூத்த உறவுகள் எல்லாருக்கும் வீட்டளவில் சடங்கு நடந்திருக்கிறது. பங்குச் சாமியார் கண்ணுக்கு எட்டாமல் பெண்கள் எதையெல்லாம் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஆரத்தி எடுக்கலாமா என்ற கேள்வியை, தங்கை கணவரான மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் எழுப்பினார். இந்திய ஆயர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி 1969-இல் உரோமை அனுமதித்த பன்னிரண்டு வழிபாட்டு மாற்றங்களில் ஆரத்தியும் ஒன்று. பூசையிலேயே எடுக்கலாம் என்னும்போது பந்தலில் எடுப்பதற்கு என்ன தடை என்று பங்குத்தந்தை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். பூசையில் தீபமும் மலரும் தூபமும் காட்டுவது வேறு, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த செந்நீரைச் சுற்றிக் கண்ணேறு கழித்து முச்சந்தியில் ஊற்றுவது வேறு என்பது சித்தப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைக் கிளறவில்லை. அழைப்பிதழின் தலையில் பிள்ளையார் சுழியும் வேண்டாம், சிலுவையும் வேண்டாம் என்று நான்கு தாத்தா பாட்டிகளின் பெயர்களிலிருந்தே தொடங்கினோம். உணவுப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது: காலையில் சைவம், மதியம் பிரியாணி.

உண்மையில் கசப்பு வந்தது தீட்டுப் பேச்சில்தான். பிள்ளைக்குத் தனித் தட்டு, தனிப் பாய், பதினாறு நாள் வெளியே போகக்கூடாது என்று என் அம்மா பட்டியல் போட்டார். தங்கை ஒரே சொல்லில் மறுத்தாள். ஆண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் பள்ளிக்கு முழுக்குப் போட முடியாது. அத்தை குறுக்கே வந்து, பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கால் வருந்திய பெண் ஆண்டவருடைய ஆடையைத் தொட்டதையும், அவர் அவளை விலக்காமல் "மகளே" என்று அழைத்ததையும் சொல்லி, "நம்ம பிள்ளையை நாமளே தொடாம இருக்கலாமா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் உளுந்தங்களி கிண்ட அடுக்களைக்குள் போய்விட்டார். கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கைவிடாமல் கிண்டி, நடுவே குழித்து நல்லெண்ணெய் நிரம்ப விட்டுக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் எல்லாரும் தின்னும் தட்டிலேயே மருமகளுக்கு உருட்டி வைத்தார். நான் தங்கையின் பக்கம்தான். தீட்டை எடுத்துவிட்டால் சடங்கு குறைந்துபோகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றிலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. குச்சு கட்டுவதில் தாய்மாமனுக்கு இருக்கும் உரிமையின் அடியில், பெண் எங்கள் வீட்டுக்கே உரியவள் என்ற பழைய கணக்கு கிடக்கிறது. என் மகனை முறைமாப்பிள்ளை என்று கேலி செய்து மேடையேற்ற எங்கள் பக்கத்துக் கிழவிகள் ஆயத்தமாக இருந்தார்கள். திருச்சபைச் சட்டத்தின்படி, தனிச் சலுகை பெற்றாலன்றி மாமன் மகன், அத்தை மகள் மணம் செல்லாது. சட்டம் கிடக்கட்டும், பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை ஊர் முன்னால் ஜோடி சேர்த்துச் சிரிப்பது நன்றாக இல்லை. மகன் பந்தி பரிமாறும் கூட்டத்தோடு நின்றான். மருமகளிடம் கேட்டபோது அவள் சொன்னது இரண்டே: தெருமுனையில் அவள் படம் போட்டு பிளெக்ஸ் வைக்கக்கூடாது, வகுப்புப் பையன்கள் யாருக்கும் அழைப்பு போகக்கூடாது. இரண்டும் அப்படியே நடந்தன.

மே 4 அன்று பூசை முடிந்து வந்த பங்குத்தந்தை பந்தலில் சிறு செபம் சொல்லி ஆசீர்வதித்தார். பிறகு தென்னங்கீற்றுக் குச்சின்முன் என் மனைவி முதல் தண்ணீர் ஊற்ற, அடுத்ததாக மாப்பிள்ளையின் தங்கை ஊற்றினார். குலவை எங்கள் பக்கத்திலிருந்து எழுந்ததைவிட அவர்கள் பக்கத்திலிருந்தே உரக்க எழுந்தது.

இனி மருமகளுக்கு, ஞானஸ்நானத்துக்குப் பின் பெறும் உறுதிப்பூசுதல் என்னும் திருவருட்சாதனம் இருக்கிறது. ஆயர் பங்குக்கு வரும்போது நெற்றியில் கிறிஸ்மா தைலம் பூசி அதைக் கொடுப்பார். ஞானத்தாயோ ஞானத்தந்தையோ அருகில் நிற்க வேண்டும். உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருந்தால்தான் அந்த இடத்தில் நிற்க முடியும் என்பதால், அதற்கு மாப்பிள்ளையின் தங்கையையே கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு உடுத்தும் வெள்ளை உடை மட்டும் மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும் என்று அத்தை இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.