மில்லில் வேலை பார்த்த கென்வுட்

அமெச்சூர் ரேடியோவுக்காக (பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசுவது) வைத்திருந்த சீன ஹேண்டி செட்டை, அதாவது வாக்கி டாக்கியை, வீட்டு மொட்டை மாடியில் வைத்துப் பேசும்போது ஒரு குறையும் தெரியாது. அதையே கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எடுத்துப் போனால் செவிடாகிவிடும். சுற்றிலும் இருக்கிற டவர்களின் சிக்னல் எல்லாம் ஒன்றாக உள்ளே புகுந்து, எனக்கு வேண்டிய குரல் அடியில் அமுங்கிப் போகும். எல்லா வேலையையும் ஒரே சிப்பில் முடித்துவிடும் மலிவு செட்டுகளில் இது சகஜம். முன்பக்கத்தில் ஒழுங்கான வடிகட்டி இருக்காது. புது அமெச்சூர் செட் வாங்கப் பணம் இல்லை. சரி, கம்பெனிகளுக்காகச் செய்த பழைய கமர்ஷியல் செட் ஒன்றைத் தேடலாம் என்று இறங்கினேன்.

தொடங்கும் முன் ஒன்று. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் இப்படி ஒரு செட்டை வைத்திருப்பதே குற்றம். 1933-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அப்படித்தான். என்னிடம் இருப்பது ரெஸ்ட்ரிக்டட் கிரேடு அமெச்சூர் உரிமம், அதாவது வியூ3-இல் தொடங்கும் கால்சைன் (ஏர்வேவில் நம் அடையாளப் பெயர்). அதனால் தெருவோரக் கடைகளில் தேடாமல், உரிமம் உள்ள ஒரு மூத்த ஹாமிடம் (அமெச்சூர் ரேடியோக்காரரை இப்படித்தான் சொல்வோம்) போனேன். அறுபதைத் தாண்டியவர், ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏர்வேவில் எல்லோரும் அவரை 'ஓஎம்' (ஓல்ட் மேன்) என்றுதான் கூப்பிடுவோம். நேரில் எனக்கு அவர் சார். அவருக்கு நான் தம்பி.

மேசையில் மூன்று கென்வுட் டிகே-270ஜி செட்டுகளை வரிசையாக வைத்தார். மூன்றுக்கும் ஒரே முகம், ஒரே கனம். எதிரில் போட்டால் நாய் ஓடிவிடும் என்கிற மாதிரி கனம். நான் பளபளப்பாக இருந்ததைக் கையில் எடுத்தேன். "தம்பி, மூஞ்சியப் பாத்து எடுக்காதீங்க. திருப்பிப் பாருங்க" என்றார்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு பின்பக்க ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். இந்த ஒரே மாடல் 150–174 மெகாஹெர்ட்ஸ், 136–150 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வகையாக வந்திருக்கிறது. தொழிற்சாலைகளுக்குப் பெரும்பாலும் 150–174 பட்டைதான் போகும். நமக்குக் கொடுத்திருக்கும் 2 மீட்டர் பட்டையோ 144 முதல் 146 வரை. மென்பொருளில் 145 என்று எண்ணைப் போட்டால் அது ஏற்றுக்கொள்ளக்கூடும். ஆனால் உள்ளே அலைவரிசையை உண்டாக்கும் ஆசிலேட்டர் அந்த அளவுக்குக் கீழே இறங்க வேண்டுமே. சில செட்டுகள் தயவு பண்ணி இறங்கிவரும், சில வராது. பளபளப்பான செட்டில் அவர் முன்பே 145 போட்டு வைத்திருந்தார். ஆன் செய்தவுடன் 'பீ' என்று நிற்காமல் கத்தியது. பிஎல்எல், அதாவது ஆசிலேட்டரைக் கேட்ட அலைவரிசையில் பிடித்து நிறுத்தும் சர்க்யூட், லாக் ஆகவில்லை என்று அர்த்தம். மூன்றில் ஒன்று மட்டும் 136–150. அது எதுவென்றால், மூலை எல்லாம் தேய்ந்து, கிளிப் உடைந்து, பெயின்ட்டில் 'ஜி-4' என்று யாரோ எழுதி வைத்திருந்தது. 1,800 ரூபாய் கொடுத்து அதைத்தான் வாங்கி வந்தேன்.

இரண்டாவது கேள்வி பாஸ்வேர்டு. செட்டைப் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதி இந்த வகை செட்டுகளில் உண்டு. பழைய முதலாளி பூட்டிவிட்டுப் போயிருந்தால் தலைவலிதான். வாங்கும் இடத்திலேயே ஒரு முறை கம்ப்யூட்டரில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். என்னுடையது பூட்டாத செட்.

பேட்டரி பெயருக்குத்தான் இருந்தது. நிக்கல் காட்மியம், 7.2 வோல்ட், ஆறு செல். சார்ஜரில் போட்டால் பச்சை விளக்கு எரியும். பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தினால் செட் அணைந்துவிடும். உறையைப் பிளந்து, உலோகப் பட்டை வெல்ட் செய்து வரும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் ஆறு வாங்கிக் கோத்தேன். வெறும் செல்லின் மேல் சால்டரிங் அயர்னை வைத்தால் உள்ளே சீல் வெந்துவிடும், அதனால் பட்டையோடு வாங்குவதே நல்லது. பழைய பேக்கில் இருந்த வெப்ப உணரியைத் தூக்கிப் போடாமல் அதே இடத்தில் ஒட்டினேன். லித்தியம் செல் இரண்டு போட்டால் போதுமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். நிக்கல் பேட்டரிக்கான சார்ஜரில் லித்தியத்தை உட்கார வைப்பது வீட்டுக்குள் வெடி வைப்பது மாதிரி. வேண்டாம் என்றுவிட்டேன்.

அப்புறம் கேபிள். இந்த செட்டில் இருப்பது கென்வுட்டின் இரண்டு பின் சாக்கெட். என் சீன செட்டுக்கு வாங்கிய அதே யூஎஸ்பி கேபிள் இதற்கும் பொருந்தும் என்பதில் ஒரு சந்தோஷம். பொருந்தியது, ஆனால் பேசவில்லை. விண்டோஸ் அந்தக் கேபிளைப் பார்த்ததும் மஞ்சள் முக்கோணம் போட்டது. உள்ளே இருக்கும் சிப் நகல். புதிய டிரைவர் நகலைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுகிறது. பழைய டிரைவரைத் தேடி ஓடுவதற்குப் பதில், பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன். அங்கே தனியாக எந்த டிரைவரும் போட வேண்டாம், சீரியல் போர்ட்டைத் தொட என் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்தால் போதும். சேர்த்தேன். அப்போதும் பேசவில்லை.

ஒரு மணி நேரம் மென்பொருளைத் திட்டியபின் பிளக்கைப் பார்த்தேன். அதன் பிளாஸ்டிக் கழுத்து செட்டின் விளிம்பில் இடித்து, கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நின்றிருந்தது. பிளேடால் சீவிவிட்டு அழுத்தினேன். 'டிக்' என்று உட்கார்ந்தது. சிர்ப் என்கிற இலவச மென்பொருளில் மாடலைத் தேர்ந்தெடுத்து, செட்டிலிருந்து இறக்கச் சொன்னேன். பட்டை மெல்ல நகர்ந்தது.

திரையில் வந்தது ஒரு மில். 'கேட்', 'குடோன்', 'ஈபி ரூம்', 'ஏ ஷிஃப்ட்', 'பி ஷிஃப்ட்' என்று சேனல் பெயர்கள். யாரோ ஒரு செக்யூரிட்டி இதை இடுப்பில் மாட்டிக்கொண்டு லாரி வந்திருக்கிறது என்று சொல்லியிருப்பார். 128 சேனல் கொள்ளும் செட்டில் ஐந்து மட்டும்தான் நிரம்பியிருந்தது. எதையும் தொடுவதற்கு முன் அந்த இமேஜை அப்படியே ஒரு கோப்பாகச் சேமித்தேன். யார் இந்த வேலையைச் செய்தாலும் இதுதான் முதல் படி. எழுதும்போது ஏதாவது கெட்டுப்போனால் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். அதன் பிறகு அந்த அலைவரிசைகளை அழித்தேன். அவை வேறொருவருக்கு உரிமம் கொடுத்தவை. கை தவறி அழுத்தினாலும் எங்கோ ஒரு கேட்டில் நம் குரல் கேட்கும்.

இங்கேதான் ஒரு சோம்பேறித்தனம் பண்ணினேன். வரிசைகளை முழுதாக அழிக்காமல், பழைய எண்ணின் மேலேயே என் எண்களை அடித்தேன். அலைவரிசை மாறியது. பக்கத்துக் கட்டங்களில் இருந்ததெல்லாம் மில்லுடையதாகவே இருந்தது. அது தெரிய ஒரு வாரம் ஆனது.

முதல் நாள் ரிப்பீட்டரில் (நம் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) யாரும் பேசவே இல்லை என்று நினைத்தேன். ரிப்பீட்டருக்கு 600 கிலோஹெர்ட்ஸ் கீழே அனுப்பும் ஷிஃப்ட் சரியாக இருந்தது, ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு அனுப்பும் 88.5 ஹெர்ட்ஸ் டோனும் சரி. ஆனால் அந்த டோனை அனுப்பும் பக்கத்தில் மட்டும் போடாமல் கேட்கும் பக்கத்திலும் போட்டிருந்தேன். கென்வுட் இதை க்யூடி என்கிறது, மற்றவர்கள் சிடிசிஎஸ்எஸ் என்பார்கள். எங்கள் ரிப்பீட்டர் டோனைத் திருப்பி அனுப்புவதில்லை. டோன் வராததால் என் செட் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது அப்படி இல்லை. வடவள்ளியில் என் மொட்டை மாடியிலிருந்து போத்தனூர் நண்பரை நேரடியாகக் கூப்பிட்டேன். சிக்னல் நன்றாக வருகிறது, குரல்தான் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது என்றார். மைக் துளையைத் திறந்து பார்த்தேன். பஞ்சு! பல வருடப் பஞ்சு அடைத்து, துணி மாதிரி படிந்திருந்தது. ஊசியால் எடுத்துச் சுத்தம் செய்து, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் மறுபடி கூப்பிட்டேன். "இப்பவும் அப்படியேதாங்க இருக்கு" என்றார். மைக்கை மாற்றலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஸ்பீக்கர் மைக் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தும் அதே கதை.

ஓஎம் சாரிடம் சொன்னேன். செட்டை வாங்கக்கூட இல்லை, லேப்டாப்பை மட்டும் கேட்டார். என் சேனல் வரிசையில் ஒரு கட்டத்தைக் காட்டினார். 'என்எஃப்எம்' என்று இருந்தது. மில் 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், குறுகிய பண்பேற்றத்தில் இயங்கியது. அதில் குரல் அலைவரிசையை அதிகபட்சம் 2.5 கிலோஹெர்ட்ஸ்தான் அசைக்கும். எங்கள் குழுவில் எல்லோரும் 5 கிலோஹெர்ட்ஸ் அசையும் அகல எஃப்எம். அவர்கள் செட்டுக்கு என் குரல் பாதி உயரத்தில்தான் போய்ச் சேரும். கட்டத்தை மாற்றி எழுதினேன். போத்தனூர்க்காரர் அன்று இரவு, இப்போது காதைக் கிழிக்கிறது என்றார்.

மூன்றாவது, கொஞ்சம் அவமானம். வாராந்திர நெட்டில் (எல்லோரும் முறை வைத்து ஏர்வேவில் பேசும் கூட்டம்) என் முறை வந்தபோது இந்தக் கதையைத்தான் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் முடித்தபோது எதிரில் சிரிப்பு. பேட்டரியைப் பிளந்த இடத்திலேயே என் குரல் நின்றுவிட்டதாம். நான் மட்டும் காற்றில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அமைப்புகள் பக்கத்தில் டைம் அவுட் 60 வினாடி. செக்யூரிட்டி யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது என்று மில்லில் யாரோ நியாயமாகவே வைத்திருக்கிறார்கள். மூன்று நிமிடமாக மாற்றினேன். சிலர் அதைப் பழையபடியே விட்டுவிடலாம் என்றார்கள்.

அதற்குப் பிறகு எல்லாக் கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சேனல் பிஸியாக இருந்தால் அனுப்பவிடாத பூட்டு ஒன்று இருந்தது, அதையும் எடுத்தேன். ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் டம்மி லோடும் பவர் மீட்டரும் வைத்து அளந்ததில் ஹையில் 4.4 வாட், லோவில் 1 வாட்டுக்குச் சற்று மேல். இந்த வயதான செட்டுக்கு அது போதும். உடன் வந்த ரப்பர் ஆன்டெனாவுக்கு உதவியாக, 49 செ.மீ. ஒயர் ஒன்றை ஆன்டெனா அடியில் உலோகப் பகுதியில் மாட்டித் தொங்கவிட்டேன். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம் ஏறக்குறைய அவ்வளவு. பார்ப்பவர்கள் செட்டுக்கு வால் முளைத்திருக்கிறது என்பார்கள், ஆனால் மாடியில் கரகரத்த ஒரு நிலையம் அதைக் கட்டியதும் தெளிந்தது.

காந்திபுரம் சோதனையும் ஆயிற்று. டீக்கடை வாசலில் நின்று இரண்டு செட்டையும் ஒரே சேனலில் வைத்தேன். சீன செட் கரகரவென்று திறந்து திறந்து மூடியது. இது அமைதியாக இருந்தது, ரிப்பீட்டரில் ஆள் வந்தபோது மட்டும் பேசியது. இதற்காகத்தான் இவ்வளவும்.

கேட்க மட்டும் சில சேனல்களைப் போட்டிருக்கிறேன், அனுப்பும் பக்கத்தை அணைத்துவிட்டு. அதில் ஒன்று 145.825, சர்வதேச விண்வெளி நிலையத்தின் பாக்கெட் (குரல் இல்லாமல் டேட்டா அனுப்பும்) அலைவரிசை. நிலையத்தின் வேகத்தால் வரும் டாப்ளர் விளைவு அலைவரிசையை மூன்று கிலோஹெர்ட்ஸ் சொச்சம்தான் நகர்த்தும், அகல எஃப்எம் அதைத் தாங்கிக்கொள்ளும். நிலையம் தலைக்கு மேல் கடந்த ஒரு மாலை, வால் கட்டிய செட்டில் 'கர்ர்ட், கர்ர்ட்' என்று ஏழு நிமிடம் கேட்டது. மேலே 2020-இல் பொருத்தியதும் ஒரு கென்வுட்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்து, ஜி-4 மேல் கொஞ்சம் மரியாதை கூடியது.

பழைய பெயர்களில் ஒன்றை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும் எங்கள் சிம்பிளெக்ஸ் சேனலுக்கு 'குடோன்' என்ற பெயரை அப்படியே விட்டுவைத்தேன். விஷயம் வெளியே தெரிந்ததிலிருந்து போத்தனூர் நண்பர் ரிப்பீட்டரில் பேச்சு நீண்டால், "சரிங்க, குடோனுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு சேனல் மாற்றிவிடுகிறார்.