உடைந்த குடையில் ஒரு மோப்ப வௌவால்

முதலில் யோசித்தது பறவைதான். ஆனைமலை மழைக்காட்டில் செத்ததைத் தின்று வாழும் ஒரு கற்பனைப் பறவை, பருந்து உடம்போடு. அதை அரை அளவில் செய்து கூடத்தில் தொங்கவிடலாம் என்று நினைத்தேன். மாதிரி பார்க்க விடிகாலையில் காசிமேடு போனபோது திட்டம் கவிழ்ந்தது. மீன் கழிவுமேல் பருந்து உட்காரவே இல்லை. சரிந்து வந்து, காலால் அள்ளி, பறந்தபடியே தின்கிறது. திறந்த வானத்துக்கு அது சரி. கொடியும் வேருமாக அடைத்துக் கிடக்கும் காட்டுக்குள் இந்த வித்தை செல்லாது. இறங்கித்தான் தின்ன வேண்டும், தின்ற வயிற்றோடு நின்ற இடத்திலிருந்து எழும்பவும் வேண்டும். பிணந்தின்னிக் கழுகு வயிறு முட்டத் தின்றால் ஓடி ஓடித்தான் எழும்பும். அங்கே ஓட இடம் ஏது?

பிறகுதான் வௌவால் ஞாபகம் வந்தது. தென் அமெரிக்காவில் ரத்தம் குடிக்கும் வௌவால் தரையில் நடக்கும், ஓடும். குடித்து முடித்ததும் முன்கையால் தரையை உந்தித் துள்ளிக் கிளம்பும். அந்த முன்கையை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மூக்கு மட்டும் டர்க்கி வல்ச்சர் என்ற அமெரிக்கக் கழுகிடம் கடன். நம்ம ஊர்க் கழுகுகள் கண்ணை நம்பும். அது மோப்பத்தை நம்பும். 1980-களில் பனாமா காட்டில் கோழிச் சடலங்களைப் போட்டுப் பார்த்தார்கள். இலை போட்டு மூடியதையும் சேர்த்து, ஏறக்குறைய எல்லாவற்றையும் மூன்றே நாளில் அந்தக் கழுகுகள் கண்டுபிடித்துவிட்டன. ஆகவே என் பிராணிக்குக் கண் சிறுத்தது, மூக்குத் துளை பெருத்தது.

இறக்கைக்கு ஓர் உடைந்த குடை. குடைக்கு எட்டுக் கம்பி. வௌவாலுக்குக் கட்டைவிரல் போக, ஓர் இறக்கைக்கு நாலு விரல். கணக்கு இப்படி உட்காரும் என்று எதிர்பார்க்கவே இல்லை! முழுநீளக் கம்பியோடு கட்டியதில் கடற்பறவை மாதிரி ஒல்லியாக நீண்டுவிட்டது. மரத்துக்கு மரம் இடையில் புகுந்து திரும்ப, குட்டையான அகன்ற இறக்கைதான் வேண்டும். நடுவிரலை 14 அங்குலமாக்கி, மற்றதை அதற்கும் குறைவாக வெட்டினேன். குடைத்துணி தோல் மாதிரியே சுருங்கி மடிகிறது.

உடம்புதான் சோதித்தது. செய்தித்தாளை மைதாப் பசையில் ஊறவைத்து ஒட்டினேன். ஐப்பசி மழை, நாலு நாளாகியும் காயவில்லை. புளித்த நாற்றம், பின்னாலேயே எறும்பு வரிசை. காட்டிலும் பிணத்துக்கு எறும்பும் ஈயும்தான் முதல் பந்தி. என் வௌவால் முந்தவேண்டியது அவற்றைத்தான் என்று அப்போது உறைத்தது. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, போஸ்டர் ஒட்டுகிறவர்கள் போல மயில்துத்தம் கலந்து புதுப் பசை காய்ச்சினேன். அது விஷம், சமையல் பாத்திரத்தில் மட்டும் காய்ச்சிவிடாதீர்கள்.

ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, “ஒடஞ்ச கொடைக்கு மூக்கு வெச்சிருக்கியேடா” என்றாள்.

கட்டைவிரல் நகம் பாக்கி. புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்துக் கூராக்குகிறேன். சூடு விரலைச் சுடுகிறது. பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் கையில் இதை வைத்திருப்பேன்.