டினிக்லிங்: மூங்கில் மூடும் முன் இரண்டு அடி

பிலிப்பைன்ஸின் தாவோ நகரில் நான் மருத்துவம் படித்த ஆண்டுகளில், ஆகஸ்டு பிறந்தால் தேசிய மொழி மாதக் கொண்டாட்டத்துக்கான ஒத்திகை தொடங்கி, மாலைதோறும் முற்றத்தில் மூங்கில் தட்டும் ஓசை கேட்கும். இரண்டாம் ஆண்டில் நானும் அதில் சேர்ந்தேன். ஆடும் ஆசையில் சேர்ந்த என்னைப் பயிற்சி ஆசிரியை முதல் வாரம் முழுவதும் கழி பிடிக்கவே உட்கார வைத்தார். அன்று ஏமாற்றம் தந்த அந்த ஏற்பாடுதான், தட்டப்படும் மூங்கில் கழிகளுக்கு இடையே ஆடும் டினிக்லிங் என்ற நாட்டுப்புற ஆட்டத்தைக் கற்பதற்குச் சரியான வழி என்று இன்று உறுதியாக நம்புகிறேன்.

லெய்ட்டே தீவைச் சேர்ந்த இந்த ஆட்டத்துக்குப் பெயர் தந்தது டிக்லிங் என்னும் பறவை. நம் ஊர்க் கானாங்கோழியின் குடும்பத்தைச் சேர்ந்தது. புல்தண்டுகளையும் உழவர்கள் வைத்த மூங்கில் கண்ணிகளையும் அது தாண்டித் தாண்டிச் செல்லும் நடையே ஆட்டமாயிற்று என்பார்கள். சுமார் 9 அடி நீளமுள்ள இரண்டு மூங்கில் கழிகள், இரு முனைகளிலும் அவற்றுக்கு அடியில் ஒவ்வொரு மரக்கட்டை, முனைக்கு ஒருவராக அமர்ந்து கழிகளைப் பிடிக்கும் இருவர் ஆகியவையே இதற்குத் தேவை. ஆடுபவர்கள் வெறுங்காலுடன் ஆடுவார்கள்.

இசை மூன்று எண்ணிக்கையில் செல்லும். ஒன்றில் கழிகள் ஒன்றோடொன்று மோதும். இரண்டிலும் மூன்றிலும் சுமார் ஓரடி விலகிக் கட்டையின் மீது தட்டப்படும். 'தகிட தகிட' என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் நமக்கு உடனே பிடிபட்டுவிடும்: 'த' விழும்போது மூங்கில் மூடுகிறது, 'கிட' முடியும்வரை திறந்திருக்கிறது. இடப்புறம் வெளியே இடக்காலில் நிற்பவர், திறந்த இடைவெளிக்குள் வலக்கால், இடக்கால் என இரண்டு அடி வைத்து, கழி மூடும் கணத்தில் வலக்காலால் மறுபுறம் போய் இறங்க வேண்டும். மூன்று ஒற்றைப்படை எண் என்பதால் வெளியே ஊன்றும் கால் ஒவ்வொரு முறையும் தானாகவே மாறிவிடுகிறது; ஆட்டத்தின் நுட்பம் முழுவதும் இந்த எளிய கணக்கில் இருக்கிறது. முதன்முறை உள்ளே இறங்கியபோது நான் கழியையே பார்த்துக்கொண்டிருந்து கணுக்காலில் அடி வாங்கினேன். கண் பார்த்துக் கால் நகர்வதற்குள் மூங்கில் மூடிவிடும் என்பதால் தட்டும் ஓசையை நம்பித்தான் ஆட வேண்டும். அந்த ஓசையைக் காதில் ஏற்றத்தான் ஒரு வாரம் கழி பிடிக்க வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

கால்கள் ஓரளவு பழகிய பிறகே கைகளுக்கு வந்தோம். மணிக்கட்டை மட்டும் மெல்லச் சுழற்றும் அசைவுக்குக் குமிண்டாங் என்று பெயர். இணையர் ஒருவரையொருவர் வணங்குவது சாலுடோ. ஒரு காலை மற்றொன்றின் முன்னே குறுக்காக வைத்து, உடலைச் சற்றுக் குனிந்து, கைகளையும் முன்னே குறுக்கிட வைப்பது சரோக். தீவுக்குத் தீவு மொழி மாறும் நாட்டில் எல்லா ஆசிரியர்களும் இந்தச் சொற்களைப் பொதுவில் வழங்குவதற்குப் பெரிதும் காரணமானவர் ஃபிரான்சிஸ்கா ரேயஸ் அக்கினோ. உடற்கல்வி ஆசிரியரான அவர் ஊர் ஊராகச் சென்று, முதியவர்கள் ஆடிக் காட்டியதை அடி அடியாக, எண்ணிக்கையோடு எழுதி வைத்தார். 1926இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடே அந்தப் பணியின் முதல் பெரிய பலன். 1973இல் நடனத்துக்கான தேசியக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. பயனிஹான் என்னும் பிலிப்பைன்ஸ் நாட்டுப்புற நடனக் குழு 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் ஆடிப் பெற்ற புகழைப் பலரும் நினைவுகூர்கிறார்கள். அந்த மேடைக்கு முன்னால் நடந்த இந்தப் பொறுமையான எழுத்து வேலையின் மீதே எனக்கு மதிப்பு அதிகம்.

அடுத்த ஆண்டு, மிண்டோரோ பகுதியிலுள்ள லூபாங் தீவின் பண்டாங்கோ சா இலாவ் ஆட்டத்தைக் கற்றோம். தலையில் ஒன்றும் இரு புறங்கைகளின் மீது ஒவ்வொன்றுமாக மூன்று எண்ணெய் விளக்குகளை ஏந்தி ஆட வேண்டும். ஆசிரியை எங்களிடம் விளக்கைத் தரவில்லை. பாதி தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குவளைகளைத் தந்தார். மணிக்கட்டு சிறிது பிசகினாலும் முழங்கைவரை நனையும். சட்டைக்கை நனையாமல் ஒரு பாட்டு முழுவதும் ஆடி முடித்த நாளில்தான் முதல் விளக்கை ஏற்றி என் புறங்கையில் வைத்தார்.